உள்மரை கடைய: சில குறிப்புகள்

வெளிமரை கடையும்போது டூல் நுனி கண்ணெதிரே இருக்கிறது. பிசகினால் உடனே நிறுத்தலாம். உள்மரையில் டூல் துளைக்குள் போனதும் பார்வைக்கு வேலை இல்லை. ஆகவே முடிவெல்லாம் லேத்தை ஓட்டுமுன் எடுத்தாக வேண்டும்.

*

மலேசியாவின் கோலா கங்சாரில் முதல் கேள்வி, எந்த மரை என்பது. 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே மரமாக இன்றும் நிற்கும் ஊர் இது. இங்கே பட்டறைக்கு வரும் ரப்பர்த் தோட்டத்துப் பழைய உருளைகள் பிரிட்டிஷ் காலத்தவை என்றால் விட்வொர்த் மரைதான்: 1841இல் வகுத்தது, கோணம் 55 பாகை. மலேசியாவின் 1972 எடை அளவைச் சட்டத்துக்குப் பின் வந்தவை பெரும்பாலும் மெட்ரிக், 60 பாகை. இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன.

*

முக்கால் அங்குல விட்வொர்த்: அங்குலத்துக்கு 10 மரை, அதாவது இடைவெளி 2.54 மி.மீ. மெட்ரிக் எம்20: 2.5 மி.மீ. அடிக்கோலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மரை கேஜைப் பதித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும்.

*

டூலைத் தாங்கும் பார்: துளைக்குள் போகும் பார்களில் மிகத் தடித்தது, சுருள் வெளியேற மட்டும் இடம் விட்டு. நீட்டம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. எஃகு பார் என்றால் விட்டத்தின் மூன்று மடங்குக்கு மேல் நீட்டக் கூடாது. ஆழம் அதிகமா, கார்பைடு பார்.

*

பாரின் நுனியில் மாட்டும் வெட்டுமுனையான இன்சர்ட் இரண்டு வகை. பகுதி வடிவ இன்சர்ட் ஒன்றே பல இடைவெளிக்கு ஆகும். ஆனால் நுனி வட்டம் மிகச் சிறிய இடைவெளிக்கு ஏற்றது, மரையின் உச்சியையும் சீவாது. முழு வடிவ இன்சர்ட் ஓர் இடைவெளிக்கு மட்டுமே. உச்சியையும் சேர்த்துச் சீவி, பிசிறில்லாமல் முடிக்கும். விட்வொர்த் மரைக்கு உச்சியும் அடியும் உருண்டை. அங்கே முழு வடிவமே சரி. சுமை தாங்கும் நட்டுக்குச் செலவைப் பார்க்கக் கூடாது.

*

டூல் நுனியை மைய உயரத்துக்கு நேராக வைக்க வேண்டும். மெல்லிய பாரானால் இம்மி மேலே. வெட்டு விசை அதைக் கீழே அமுக்கும். மையத்துக்குக் கீழே இறங்கினால் டூலின் அடிப்புறம் துளைச் சுவரில் உரசும்.

*

மூடிய துளையில் அடியில் ஒரு காடி வெட்டிவிட்டு, டூலைத் தலைகீழாகக் கட்டி, லேத்தைப் பின்சுற்றில் ஓட்டி உள்ளிருந்து வெளியே வரலாம். வலக்கை மரையே விழும்; அடியில் மோதும் பயமும் இல்லை. மரையில் திருகிய சக் உள்ள லேத்தில் இது ஆகாது, சக் கழன்றுவிடும்.

*

ஒரே ஒரு உருப்படி, விசித்திரமான மரை என்றால் ஹைஸ்பீட் எஃகைச் சாணையில் தீட்டிக்கொள்வதே மேல். மீன்வால் கேஜில் கோணம் சரிபார்த்த டூல் எந்தக் கடை இன்சர்ட்டுக்கும் குறைந்ததல்ல.

*

புதிதாகப் பட்டறை போடும் தம்பிக்கு: முதலில் 55, 60 இரண்டுக்கும் மரை கேஜ் வாங்கு. பிறகு நல்ல பார். இன்சர்ட்டைக் கடைசியாக, கையில் இருக்கும் வேலைக்கு மட்டும் வாங்கு.