நெருப்பில்லாமல் கொதிக்கும் தொட்டி

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டம். வைகாசி மாதம். தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் மருந்தடித்து முடிக்க வேண்டுமென்று எல்லோர் கையிலும் அவசரம். விடியலில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி வந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளைக் கொட்டகைக் கம்பியில் மாட்டிவிட்டு ஏலச்செடித் தட்டைகளுக்குள் மறைகிறார்கள். நான் ஓரமாக நிற்கிறேன்.

கொட்டகையிலேயே தங்கிவிட்ட நடுவயதுப் பெண் ஒருவர் சாக்கைப் பிரித்து, சுட்ட சுண்ணாம்புக் கற்களை மண்தொட்டியில் போடுகிறார். பெரிய கல்தான்; தூக்கும் கையில் பாரம் தெரியவில்லை. காளவாசலில் கல்லும் கரியும் மாறிமாறி அடுக்கி, ஏறக்குறைய 900 டிகிரிச் சூட்டில் வேகவைத்த கல். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் முழுதாக வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். சிமெண்ட் ஆலையிலும் முதலில் நடப்பது இதே காரியம். அங்கே சூடு 1,450 டிகிரி வரை ஏறுவதால் சுண்ணாம்பு களிமண்ணோடு கூடிக் கிளிங்கராக இறுகிவிடுகிறது.

சொம்பிலிருந்து தண்ணீர் தெளிக்கிறார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சீறல். கல் விரிந்து, பிளந்து, பொடியாகி, குமுறிக் கொதிக்கிறது. ஆவி கூரையைத் தொடுகிறது. அடியில் ஒரு சுள்ளி விறகு கூட இல்லை. எங்கோ ஒரு காளவாசல் கல்லுக்குள் ஏற்றிவைத்த சூடு, இந்த மலையில் வெளியேறுகிறது.

“ஏத்தா, மூஞ்சியத் திருப்பிக்க!” பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல். தண்ணீர் தெளித்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார். கண்கள் திறந்தபடியே இருக்கின்றன.

ஆறியதும் சுண்ணாம்புப் பாலைத் துணியில் வடிக்கிறார். பக்கத்து பிளாஸ்டிக் டிரம்மில் துருசு என்னும் செம்பு உப்பு நீலமாகக் கரைந்திருக்கிறது. 1 கிலோ துருசு, 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது போர்டோ கலவையின் கணக்கு. பிரான்சில் திராட்சைக்கொடியின் அடிச்சாம்பல் நோய்க்கு மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885-இல் எழுதி வெளியிட்ட மருந்து, இங்கே ஏலக்காய் அழுகலுக்குக் காவல். துருசு நீரைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்குகிறார். ஒருபோதும் மாற்றி ஊற்றுவதில்லை. தீட்டிய கத்தியை முக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். செம்பு நிறம் படிந்தால் துருசு மிஞ்சியிருக்கிறது, இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கத்தி பளபளப்பு மாறாமல் வருகிறது. தலையசைக்கிறார். படித்த வேதியியல் அத்தனையும் அந்தத் தலையசைப்புக்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இப்படிக் காப்பாற்றிய காய்தான் போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்துக்கு வந்து விலை போகிறது. காப்பாற்றியவருக்கு ஒரு கண்ணாடி இல்லை. கொதிக்கும் சுண்ணாம்பு ஒரு துளி தெறித்தால் போதும், கருவிழியை அரித்துப் பார்வையைப் பறித்துவிடும். தோட்டக்காரர்களே, துருசும் சுண்ணாம்பும் வாங்கும் பட்டியலிலேயே கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடியையும் ரப்பர் கையுறையையும் எழுதுங்கள். யாருக்காவது கண்ணில் தெறித்துவிட்டால் கசக்க விடாதீர்கள். அந்த நிமிடமே சுத்தமான தண்ணீரை விடாமல் அரைமணி நேரமாவது ஊற்றிக் கழுவி, கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.