நட்ட நாளும் நட்ட பின்னும்

மரம் நடுவதற்கு நம்மவர் நாள் பார்ப்பர், திதி பார்ப்பர், இராகுகாலம் பார்ப்பர். நட்ட பின்னர் மரத்தைப் பார்ப்பவர் எத்துணைப் பேர்? பிறரைக் குறை கூற இதனை எழுதப் புகுந்தேனல்லேன். குற்றவாளி யானே.

என் தாயார் கெடா மாநிலத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மரங்களைத் தொட்ட அக்கைகளுக்குச் சொந்தமாக ஒரு மரமேனும் இருந்ததில்லை. 2003-ஆம் ஆண்டில் லயத்தை விட்டு, சிறிது நிலத்தோடு கூடிய வீட்டிற்குக் குடிவந்தோம். ஐப்பசியில் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான் ஆகிய மூன்று கன்றுகள் வாங்கினோம். தாயார் பஞ்சாங்கம் பார்த்து, கற்பூரம் ஏற்றி, யான் தோண்டி வைத்திருந்த குழிகளில் அவற்றை வைத்தார். யான் எள்ளி நகைத்தேன். மறுநாள், "கன்றுகளைப் பார்த்துக்கொள், தம்பி" என்று கூறி, என் தமக்கையின் பிள்ளைப்பேற்றுக்காக அவர் புறப்பட்டுச் சென்றார்.

பஞ்சாங்கத்தை இகழ்ந்த பகுத்தறிவாளனாகிய யான், மண்ணையாவது பார்த்தேனா? இல்லை. களிமண் நிலத்தில் இரண்டடிக் குழி தோண்டி, மக்காத கோழியெருவை அள்ளிப் போட்டிருந்தேன். கார்த்திகை மழையில் அக்குழி நீர்த்தொட்டியாயிற்று. மார்கழியில் டுரியான் இலைகள் மஞ்சளித்துத் தொங்கின. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து நாறியது. அத்தகைய நிலத்தில் மண்ணை மேடாக்கி, அதன்மேல் அன்றோ டுரியானை நடவேண்டும்! தேங்கிய நீர் வேரை அழுகச் செய்யும். பச்சையெரு இளவேரைச் சுடும்.

நம் நாட்டில் பனிக்காலம் இல்லை. ஆயினும் வடமாநிலங்களில் தை பிறந்தால் மழை ஓய்ந்து, வறண்ட காற்று வீசத் தொடங்கும். பங்குனி வரை நீளும் அவ்வறட்சியே இங்குள்ள இளங்கன்றுகளுக்குச் சோதனைக்காலம். மங்குஸ்தானுக்கோ கிளைவேர்கள் மிகக் குறைவு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நிழலின்றித் தாங்காது. யானோ வெளிச்சம் வேண்டுமென்று அருகிலிருந்த வாழையை வெட்டிச் சாய்த்திருந்தேன்! நாள்தோறும் ஒரு செம்பு நீர் தெளித்தேன். மேல்மண் நனைந்ததேயன்றி வேருக்கு ஒன்றும் எட்டவில்லை. இலையோரங்கள் கருகின.

தை இறுதியில் தாயார் திரும்பினார். கன்றைக் கண்டதும் முகம் வாடினார். "தோட்டத்தில் ஒரு ரப்பர்க் கன்று வாடினால், கிராணி கேட்குமுன் பதறுவோம். ஊரான் மரத்துக்குச் செய்தது நம் மரத்துக்குச் செய்யக்கூடாதா, தம்பி?" என்றார். அவ்வளவே. பின்னர் அவரே நான்கு கழிகளை நட்டுத் தென்னையோலை வேய்ந்தார். மேல்வெயில் படும் பக்கம் இரட்டையோலை. உலர்ந்த லாலாங் புல்லை நான்கு விரற்கனம் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விட்டார். தண்டோடு ஒட்டினால் ஈரத்தில் பட்டை அழுகுமாம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரண்டு வாளி நீரை மெல்ல மெல்ல ஊற்றினார்.

1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகள் 22 மட்டுமே. அவற்றை யாரோ இவ்வண்ணம் காத்தமையாலன்றோ நம் முன்னோர் கப்பலேற நேர்ந்தது! காத்தவரை வாழ்த்துவதா, வைவதா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

சித்திரை மழையில் மங்குஸ்தான் செந்நிறத் துளிர் இரண்டு விட்டது. ஒட்டுக்கன்றாகிய ரம்புத்தான் என் கவனிப்பையும் மீறிப் பிழைத்து, நான்காம் ஆண்டில் காய்த்தது; தாயார் வயிறார உண்டார். மங்குஸ்தான் பழுத்தது 2014-இல். அவர் 2011-இலேயே காலமாகிவிட்டார்.

டுரியான் மாண்ட இடத்தில் இவ்வாண்டு மேடு கட்டி, வேறொரு கன்று வைத்துள்ளேன். தை வருமுன் வேய்வதற்குத் தென்னையோலை வெட்டிக் கொல்லையில் சாய்த்து வைத்திருக்கிறேன்.