நிறுத்துகிற வேளை

பிறருக்கு ஓய்வு கொடுத்து அனுப்புவதில் நம்மவர்களுக்கு இருக்கிற ஆர்வம், தங்களுக்கு ஓய்வு தேடிக்கொள்வதில்கூட இருப்பதில்லை. ஒரு வித்வானுக்கு மேல் ஸ்தாயியில் குரல் சற்றே பிசகினால் போதும். "சாரீரம் இருக்கும்போதே நிறுத்தியிருக்கலாம்" என்று கச்சேரி முடிவதற்குள் பத்துப் பேராவது சொல்லிவிடுவார்கள். நடிகர், அரசியல்வாதி, பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், யாரையும் விடுவதில்லை. எழுதுகிறவனை மட்டும் விட்டு வைப்பார்களா?

இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில், எனக்குச் சித்தப்பா முறையாகிற பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் சாத்தூர்ச் சேவுப் பொட்டலம்.

"இன்னும் கதை எழுதிக்கிட்டுத்தான் இருக்கியாப்பா?"

"ஆமா, சித்தப்பா."

"வயசு நாப்பத்தஞ்சு இருக்குமில்ல? பேரு இருக்கும்போதே நிப்பாட்டிக்கிறணும், பாத்துக்கோ. அதுதான் மரியாதை."

சேவை நீட்டினார். எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் வன்மம் எதுவும் இல்லை. என்மேல் உள்ள பிரியத்தால்தான் சொன்னார். அதனாலேயே அந்த வாக்கியம் மனத்தில் தங்கிவிட்டது. 'பேர் இருக்கும்போதே.' இது உண்மையிலேயே நல்ல யோசனைதானா? இதைக் கேட்டு நடந்தவர்கள் என்ன ஆனார்கள்? கேளாமல் நடந்தவர்கள் என்ன ஆனார்கள்?

இதற்கு விடை தேட, டென்னிஸ் மைதானத்தைப் போல நல்ல இடம் வேறு இல்லை என்று தோன்றிற்று. எழுத்தில் ஒருவன் தேய்ந்து போனது தெரியப் பத்து வருஷம் ஆகும். சில சமயம் அவனுக்குத் தெரியாமலே போய்விடும். டென்னிஸில் அந்தச் சலுகை கிடையாது. முழங்கால் அரை விநாடி தாமதித்தால் பந்து போய்விடும். அத்தனை பேரும் பார்த்துவிடுவார்கள். போதாதற்குத் தரவரிசைப் பட்டியல் என்று ஒன்று போட்டு, இன்னார் இத்தனையாவது ஆள் என்று உலகத்துக்கே அறிவித்தும் விடுகிறார்கள். அப்படிப்பட்ட தொழிலில் நாற்பது வயதைத் தாண்டி நின்றவர்களின் கதை எனக்குப் பிரயோஜனப்படும் அல்லவா?

ரோஹன் போபண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். குடகு நாட்டுக் காப்பித் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை. 1980 மார்ச்சில் பிறந்தவர். 2003இல் டென்னிஸையே தொழிலாகக் கொண்டார். ஒற்றையர் ஆட்டத்தில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் உலகில் 213ஆவது. 213ஆவது ஆளைப் பற்றி எந்தத் திண்ணையில் பேசுவார்கள்? ஆயினும் ஒற்றையரிலும் அவருக்கு ஒரு நாள் வாய்த்தது. 2010 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில், டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் பிரேசிலும் மோதின. இந்தியா முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்று, அடுத்த இரண்டையும் வென்று, சமமாக வந்து நின்றது. கடைசி ஆட்டம் போபண்ணாவின் தலையில் விழுந்தது. எதிரே ரிக்கார்டோ மெல்லோ. ஒரு செட்டைக்கூட விட்டுக்கொடுக்காமல் போபண்ணா ஜெயித்தார்.

அதே மாதத்தில்தான், சில நாட்கள் முன்னதாக, பாகிஸ்தானின் ஐஸாம் குரேஷியுடன் சேர்ந்து அமெரிக்க ஓபன் இரட்டையர் இறுதியாட்டம் வரை போயிருந்தார். அதில் தோல்வி. ஆனால் தம்முடைய வழி இரட்டையர் ஆட்டம்தான் என்பது அதற்குள் அவருக்குத் தெளிவாகியிருந்தது. 2013இல் இரட்டையர் தரவரிசையில் உலகின் மூன்றாவது ஆளானார். அப்போது வயது 33. சித்தப்பாவின் சட்டப்படி பார்த்தால், மட்டையை உறையில் போட்டுக் கட்டிவிட வேண்டிய வேளை அதுதான்.

அவர் கட்டவில்லை. கட்டாததற்கு உடனே பலன் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் சானியா மிர்ஸாவுடன் கலப்பு இரட்டையர் ஆடினார். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் தோற்று, நான்காவது இடத்தோடு வீடு திரும்பினார். 2017இல் கனடாவின் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கியுடன் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரை வென்றார். ஆண்கள் இரட்டையரில் மட்டும் பெரிய பந்தயம் ஒன்றும் கைக்கு வரவில்லை. பிறகு 2021 வந்தது. அந்த வருஷத்தின் முதல் ஐந்து மாதங்கள் ஓர் ஆட்டத்தில்கூட வெற்றி இல்லை. போர்ச்சுகலில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, குடும்பத்தை விட்டுவிட்டு வந்து நாம் இங்கே என்னதான் செய்துகொண்டிருக்கிறோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

முழங்கால் குருத்தெலும்பும் தேய்ந்து போயிருந்தது. நம் ஊரில் முழங்கால் தேய்ந்தால் மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிடுவோம். அவர் ஐயங்கார் யோகாவில் இறங்கினார். காலுக்குப் பலம் கூடியது, வலி குறைந்தது. அதைவிட மனம் நிதானப்பட்டதுதான் பெரிய லாபம் என்பது அவர் கூற்று.

இங்கே இரட்டையர் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒற்றையர் மைதானம் 27 அடி அகலம். அத்தனையையும் ஓர் ஆள் காக்க வேண்டும். இரட்டையரில் அகலம் 36 அடி. ஆனால் இரண்டு பேர். ஓட்டம் குறைவு, கண்ணும் கையும் மனக்கணக்கும் அதிகம். வேகமான சர்வீஸும், வலைக்கருகே பதறாத கையும், பக்கத்தில் நிற்கிறவன் அடுத்து என்ன செய்வான் என்ற அறிவும் வேண்டும். முதல் இரண்டும் பழக்கத்தால் வரும். மூன்றாவது வயதால்தான் வரும்.

வண்டி கட்டிக்கொண்டு இருக்கன்குடிக்கு வந்து, ஆற்று மணலில் வண்டியை அவிழ்த்துப் போட்ட காலத்தை இங்கே உள்ள முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்களில் ஒருவரிடம் ஜோடி மாடு பிடிப்பதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "ரெண்டும் பலசாலியா இருந்தா மட்டும் பத்தாது தம்பி. ஒண்ணு இழுக்கிறப்ப இன்னொண்ணு பின்வாங்குச்சுன்னா நுகத்தடிதான் ஒடியும்" என்றார். போபண்ணா எத்தனையோ கூட்டாளிகளுடன் ஆடிப் பார்த்தவர். 2023இல் ஆஸ்திரேலியரான மாத்யூ எப்டன் அமைந்தார். எப்டனும் சின்னப் பையன் அல்லர், 35 வயது. நுகத்தடி ஒடியவில்லை. அந்த மார்ச்சில் இந்தியன் வெல்ஸ் பந்தயத்தை வென்றபோது போபண்ணாவுக்கு 43. செப்டம்பரில் அமெரிக்க ஓபன் இறுதியாட்டம். பதின்மூன்று வருஷத்துக்குப் பின் மறுபடியும் அதே இடம், மறுபடியும் தோல்வி.

2024 ஜனவரியில் மெல்போர்ன். அரையிறுதிக்கு வந்ததுமே உலகின் முதல் இடம் அவருக்கு என்று உறுதியாகிவிட்டது. அந்த இடத்துக்கு அத்தனை வயதில் எந்த ஆட்டக்காரரும் வந்ததில்லை. ஜனவரி 27ஆம் தேதி இறுதியாட்டத்தில் இத்தாலியர்களான பொலெல்லி, வவசோரி ஜோடியை 7-6, 7-5 என்று எப்டனும் அவரும் தோற்கடித்தார்கள். 1968இல் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் பெரிய பந்தயங்களில் சேர்த்துக்கொண்ட பிறகு, ஆண்களில் அத்தனை வயதில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றவர் வேறு யாரும் இல்லை.

இதோடு நிறுத்தினால் பள்ளிக்கூடப் பாடத்துக்கு ஏற்ற கதை. 'முயற்சி திருவினையாக்கும்' என்று தலைப்பும் போட்டுவிடலாம். ஆனால் என்னை உறுத்துகிற கேள்வி வேறு. மெல்போர்னில் அந்த ஆட்டமும் தோற்றிருந்தால்? அந்த இருபது வருஷமும் வீண்தானா?

இதற்குப் பதில் சொல்ல ஜப்பானில் ஒரு பெண்மணி இருக்கிறார். கிமிகோ டாடே என்று பெயர். 1970இல் கியோத்தோவில் பிறந்தவர். பிறவியில் இடக்கைக்காரி. சோற்றுக்கையால் செய், பீச்சாங்கையை மடக்கு என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் அதட்டுவதைப் போல அங்கேயும் உண்டு போலிருக்கிறது. வலக்கையால் ஆடப் பழக்கினார்கள். அந்த வலக்கையாலேயே 1995இல் உலகின் நான்காவது இடத்துக்கு வந்தார். 1996இல் டோக்கியோவில் ஸ்டெஃபி கிராஃபையே தோற்கடித்தார். கடைசி செட் 12-10. அதே வருஷம் விம்பிள்டன் அரையிறுதி. பிறகு அந்த வருஷ முடிவிலேயே, உலகின் முதல் பத்துப் பேருக்குள் இருக்கும்போதே, 26 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டார். பேர் இருக்கும்போதே! சித்தப்பா கேட்டால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

கல்யாணம் ஆயிற்று. மாரத்தான் ஓடினார். 2008இல் கிராஃபும் நவரத்திலோவாவும் வந்து கலந்துகொண்ட ஒரு காட்சி ஆட்டத்தில் அவரும் ஆடினார். அதற்கடுத்த மாதமே, 37 வயதில், பந்தயத்துக்குத் திரும்பி வருவதாக அறிவித்துவிட்டார். சின்னப் பந்தயங்களிலிருந்து, அடிமட்டத்திலிருந்து தொடங்கினார். 2009இல் 39ஆவது பிறந்த நாளுக்கு முந்தின தினம் ஸியோல் பட்டத்தை வென்றார். 2011 விம்பிள்டனில் 40 வயதில் வீனஸ் வில்லியம்ஸை மூன்று மணி நேரம் மல்லுக்கட்ட வைத்து, கடைசி செட்டில் 6-8 என்று தோற்றார். 2013இல் அங்கேயே மூன்றாவது சுற்று வரை வந்து செரீனாவிடம் தோற்றார். திரும்பி வந்த ஒன்பது வருஷத்தில், பெரிய சுற்றுப் பந்தயங்களில் அவருக்குக் கிடைத்த ஒற்றையர் பட்டம் அந்த ஸியோல் ஒன்றுதான். கடைசியில் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2017 செப்டம்பரில் டோக்கியோவில் தம்முடைய ஜனங்கள் முன்னால் கடைசி ஆட்டம். 6-0, 6-0 என்று தோல்வி. வயது 46.

கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? 1996இல் வைத்திருந்த பேரை எடுத்து வந்து 2017இல் பூஜ்யத்தில் கொட்டியதாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதல் தடவை அந்த அம்மாள் தரவரிசையோடு ஆடினார். இரண்டாம் தடவை டென்னிஸ் ஆடினார். இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் எல்லோரும் விழுகிற வரையில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. நாகர்கோவிலில் 1937இல் பிறந்த நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். 1966இல் இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்கு இட்டுச் சென்றார். அந்த இறுதியும் மெல்போர்னில்தான். ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். கிடைத்த அந்த ஒரே வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் ஜோடியை மடக்கிய இரட்டையர் ஆட்டம்! முப்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்தில் கிருஷ்ணன் ஒதுங்கிக்கொண்டார். அவர் பேரில் ஒரு தூசியும் படியவில்லை. அவர் செய்தது அவருக்குச் சரி.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸில் சிறு வயது முதல் கட்டை அடுக்கிய ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். எழுபது வயதை நெருங்கியும் போய்க்கொண்டிருந்தாள். "இன்னும் எதுக்கு ஆத்தா?" என்று கேட்டேன். "நிப்பாட்டுனா யாருய்யா சோறு போடுவா?" என்றாள். எப்போது நிறுத்துவது என்று யோசிக்க முடிவதே ஒரு வசதிதான். நீண்ட நாள் உழைப்பதே பெரிய புண்ணியம் என்று நான் உபதேசம் செய்தால் அந்தப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஆகவே உபதேசம் வேண்டாம். அந்த வசதி வாய்த்தவர்கள் அதை எந்தக் கணக்கில் செலவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

பேரைக் கணக்கு வைத்தால் நிறுத்துகிற வேளையை ஊர்தான் நிச்சயிக்கும். வேலையைக் கணக்கு வைத்தால் அதை நிச்சயிக்க வேண்டியவன் அவனே. போபண்ணா 33 வயதில் தெரிந்துகொள்ளாத எதையோ 43 வயதில் தெரிந்துகொண்டார். அது மெல்போர்ன் கோப்பை இல்லாமலும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். எனக்கும், இருபத்தைந்து வயதில் நான்கு பக்கத்துக்கு வர்ணித்த ஒரு துக்கம் இப்போது நான்கு வரியில் அடங்குகிறது. ஐம்பது வயதில் அது ஒரு வரியில் அடங்குமோ என்னவோ, பார்க்க ஆசையாக இருக்கிறது. அந்த ஆசை இருக்கிற வரையில் பேனாவை மூடி வைக்கிற உத்தேசம் இல்லை.

போபண்ணா 2025 நவம்பர் முதல் தேதி, 45 வயதில், விடைபெறுவதாக அறிவித்தார். கடைசியாக ஆடியது பாரிஸில். முதல் சுற்றிலேயே தோல்வி. உலகின் முதல் இடத்தை விட்டு இறங்கி வெகுநாள் ஆகியிருந்தது. நிறுத்தச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. எப்போது நிறுத்துவது என்பதை, முழங்காலும் மனமும் சேர்ந்து சொன்ன ஒரு நாளில், அவர்தாம் தீர்மானித்தார்.