இடித்துரைக்கும் அன்பு

ஊதியம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, மனம் கசந்தால் நாளையே விலகிவிடலாம். அத்தகைய இடத்தில் உழைப்பவரிடம் போய், "நீங்கள் செய்தது சரியில்லை" என்று சொல்லலாமா? சொல்பவள் உள்ளிருப்பவளாயின், அது துரோகம் ஆகாதா?

எங்கள் வகுப்பில் இக்கேள்வியை எழுப்பியது தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தைத் தன்னார்வலர்களே வளர்த்து வருகின்றனர். அதனைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கியும் கட்டற்ற மென்பொருள்தான். எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

2009இல் கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்த்து விக்கிப்பீடியாவில் சேர்க்கத் தொடங்கியது. கட்டுரைகளின் எண்ணிக்கை மளமளவென ஏறிற்று. ஆனால் பல வாக்கியங்களைத் தமிழரே இருமுறை படித்தாலும் பொருள் விளங்கவில்லை. நம்மவர் தேடும் செய்திகளைவிட மேல்நாட்டுத் திரைப்படங்களும் பாடகர்களும் மலிந்திருந்தனர். வங்காளத்தார் அக்கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். தமிழ் விக்கிப்பீடியரோ கதவை அடைக்கவுமில்லை, கைதட்டவுமில்லை. குறைகளை வகைப்படுத்தி, எடுத்துக்காட்டுகளுடன் எழுதி, நிறுவனத்தாரோடு பேசினர். அந்த அனுபவத்தை 2010இல் போலந்து நாட்டுக் கதான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் ரவிசங்கர் எடுத்துரைத்தார். வரவேற்பதும் எளிது, விரட்டுவதும் எளிது. உட்கார்ந்து பிழைப் பட்டியல் போடுவதுதான் முதுகு ஒடியும் வேலை! பற்று இல்லாதவர் அதைச் செய்வாரா?

அதற்காக, விலகிப் போனவரெல்லாம் பற்றில்லாதவர் என்றும் சொல்வதற்கில்லை. விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது, 2002இல் ஸ்பானிய மொழியினர் பலர் கட்டுரைகளை நகலெடுத்துக்கொண்டு தனிக் கலைக்களஞ்சியம் கண்டனர். கட்டற்ற உரிமம் அதற்கு இடம் தருகிறது. விக்கிப்பீடியா இன்றளவும் விளம்பரமின்றி நடக்கிறது. பிரிந்தவர்களின் கோபத்திற்கும் அதில் பங்குண்டு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் தமிழாசிரியை மட்டும், "சொல்லிவிட்டுப் போனார்களே, அது போதும், சொல்லாமல் போவதுதான் கொடுமை" என்றார்கள்.

இதெல்லாம் ஊர் வழக்கு. எங்கள் வீட்டு வழக்கு வேறு. பாரிவாக்கத்திலிருந்து பேருந்தில் வரும் எங்களில் ஒருத்தி, எங்கள் ஊரைப் பற்றிச் சில வரிகள் அக்கலைக்களஞ்சியத்தில் சேர்த்திருந்தாள். அடுத்த தெருத் தோழி ஒருத்தி அவற்றில் ஒன்றின் பக்கத்தில், 'இதற்குச் சான்று தேவை' என்று குறித்துவிட்டாள்! மறுநாள் பேருந்தில் இருவரும் வேறு வேறு இருக்கை தேடினர். "வேற்றூரார் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன்" என்பது இவள் வருத்தம். "வேற்றூரார் கேட்கும்முன் நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா?" என்பது அவள் பதில். நடுவில் அகப்பட்ட நாங்கள் இரு கட்சியாகப் பிரிந்தோம். நண்பகல் உணவு ஆறிற்று.

குறித்தவள் அத்துடன் நிற்கவில்லை. எந்தச் சொல்லுக்குச் சான்று வேண்டும், எந்த நூலில் தேடிப் பார்க்கலாம் என்று உரையாடல் பக்கத்தில் மூன்று வரி எழுதினாள். இரண்டு நாள் கழித்து அங்கேயே மறுமொழி வந்தது. சனிக்கிழமை இருவரும் நூலகம் சென்றனராம். எங்களுக்குத் திங்களன்றுதான் தெரிந்தது. இப்போது அந்த வரிக்கு ஒரு நூலின் பெயர் துணை நிற்கிறது. பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால் இருவர் பெயரும் அடுத்தடுத்துக் காண்கின்றன.