தறி நின்ற நேரத்தில் ஒரு தாலாட்டு

எங்கள் வீடு கோயமுத்தூர் ஜில்லாவில் சோமனூர்ப் பக்கம். வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். அந்தச் சத்தத்திலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். தறி நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும்! அப்படிப்பட்ட வீட்டில் பாட்டு ஒலிப்பதிவு செய்தோம் என்றால் நம்புவீர்களா?

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. மாரியம்மன் நோம்பி வந்தால் கும்மிக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பது அவர்தான். நாலு பேரக் குழந்தைகளையும் தாலாட்டித் தூங்க வைத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டெல்லாம் நெஞ்சுக்குள்தான்.

போன வருஷம் அவருக்குத் தைராய்டுக் கட்டி பெரிதாகி, சோறு விழுங்கவே சிரமமாகிவிட்டது. ஆபரேஷன் அவசியம் என்றார் டாக்டர். குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறதாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்குக் குரல் கம்மும், அதுவும் அநேகமாகச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு அப்படியே தங்கிவிடுவதும் உண்டு என்று பொறுமையாக விளக்கினார். மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்.

வீடு திரும்பியதும் கல்லூரியில் படிக்கும் என் மகள், "அம்மா, ஆத்தா பாட்டையெல்லாம் பதிஞ்சு வெச்சுக்கோணும்" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. என் மாமனார் அந்தக் காலத்து டூ-இன்-ஒன்னில் ஒரு கேஸட் நிறைய மாமியாரைப் பாட வைத்துப் பதிந்திருந்தாராம். அதன் மேலேயே சினிமாப் பாட்டைப் பதிந்து அழித்த புண்ணியவான் என் கணவர். அப்போது பள்ளிக்கூடப் பையன். அதனாலோ என்னவோ அவர் இப்போது மறுப்பே சொல்லவில்லை. "செல்போன்லயே பிடிச்சாப் போவுது" என்றார்.

பிடித்துப் பார்த்தோம். தறிச் சத்தம் முன்னால் வந்தது, மாமியார் பின்னால் போய்விட்டார்! செல்போன், பேச்சு கேட்பதற்காகவே சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். இரைச்சல் என்று நினைத்துச் சிலசமயம் குரலின் இழுப்பையும் சேர்த்து நறுக்கிவிடும். தாலாட்டுக்கு உயிரே அந்த இழுப்புத்தானே!

அப்போதுதான் மகள் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்ற பெயரைச் சொன்னாள். ஒன்றுமில்லை, சகோதரிகளே. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகமிகக் கொஞ்சம். அதை இந்தப் பெட்டி பெருக்கி, நொடிக்கு 44,100 தடவை அளந்து, எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. இசைத் தட்டான சி.டி.க்கும் இதே கணக்குத்தான்.

சீட்டுப் பணம் பத்தாயிரத்தை மடியில் கட்டிக்கொண்டு காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினோம். கடையில் ஃபோகஸ்ரைட், பெரிஞ்சர், எம்-ஆடியோ என்று வரிசையாக வைத்திருந்தார்கள். "நாலு மைக் மாட்டுறதை வாங்கிக்கோங்க, பின்னாடி உதவும்" என்றார் விற்பனைப் பையன். புடவைக் கடையில் கேட்காத பேச்சா இது? "ஒரே நேரத்துல பாடறது எத்தனை பேருங்க தம்பி? ஒருத்தருதான். அப்புறம் எதுக்கு நாலு?" என்றேன். 192 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும் என்று இன்னொன்றைக் காட்டினார். மனிதக் காது கேட்பதே ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். வயதாக ஆக அதுவும் குறையும். அதற்குக் காசை இறைப்பானேன்?

நாங்கள் பார்த்தது நாலே விஷயம். மைக்கின் மூன்று முள் கேபிளுக்கு ஒரு துளை வேண்டும். கண்டென்சர் மைக் வேலை செய்ய 48 வோல்ட் கொடுக்கும் பொத்தான் வேண்டும். பாடுகிறவர் தன் குரலைத் தாமதமில்லாமல் ஹெட்போனில் கேட்கும் வசதி வேண்டும். தனி பிளக் இல்லாமல் லேப்டாப்பின் யு.எஸ்.பி.யிலிருந்தே ஓட வேண்டும். லேப்டாப்பைக் கையோடு கொண்டு போயிருந்ததால் அங்கேயே மாட்டிப் பேசிப் பார்த்தோம். பெட்டி, மைக், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் பத்தாயிரத்துக்குள் முடிந்து, மீதியில் மாமியாருக்கு நாட்டுச் சர்க்கரையும் வாங்கி வந்தோம்.

கண்டென்சர் மைக் மெல்லிய குரலையும் நன்றாக வாங்கும். ஆனால் அக்கம்பக்கத்துச் சத்தத்தையும் சேர்த்தே வாங்கும். தறியை என்ன செய்வது? அதற்கு வழி செய்தது மின்வாரியம்தான்! பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் நாள் முழுக்க மின்தடை என்று பேப்பரில் வந்தது. வழக்கமாகச் சலித்துக்கொள்ளும் நான் அன்று குதித்தேன். கரண்ட் இல்லையென்றால் தறி இல்லை, ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை. எங்கள் பெட்டிதான் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடுமே!

காலையில் தறிகள் நின்றதும் ஊரே ஊமையானது போலிருந்தது. உள் அறையில் சுவரோரம் மெத்தையை நிறுத்தி, கொடியில் கம்பளியைத் தொங்கவிட்டோம், எதிரொலி அடங்கிவிட்டது. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தோம். நேரே வைத்தால் 'ப' என்னும் போதெல்லாம் காற்று புஸ்ஸென்று அடிக்கும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரியாதபடி அளவைக் குறைத்து வைத்தாள் மகள். பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள்.

"எனக்கெதுக்கு சாமி இத்தனை அலும்பு?" என்று கூச்சப்பட்டார் மாமியார். பேத்தி மடியில் தலை வைத்துப் படுத்ததும் தானாகப் பாட்டு வந்தது. மாலை கரண்ட் வருவதற்குள் பதினேழு பாட்டுகள்! கடைசிப் பாட்டு என் மாமனாருக்குப் பாடிய ஒப்பாரி. என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

1965இல் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சிப் பெண்மணி காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கை அடித்துப் பாடிய அண்ணன்மார் சாமி கதையை டேப்பில் பதிந்தார். அது 1992இல் தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னையிலிருந்து நூலாகவே வந்தது. எங்கிருந்தோ வந்தவர் செய்ததை, சொந்த வீட்டுக் குரலுக்கு நாம் செய்யக் கூடாதா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சோறு சுகமாக இறங்குகிறது. பேச்சும் தெளிவுதான். ஆனால் கும்மிக்கு எடுக்கும் அந்த உச்சக் குரல் மட்டும் இன்னும் ஏறவில்லை. ஒருநாள் பதிவைப் போட்டோம். கண்ணை மூடிக் கேட்டவர், "இது என்ற கொரலா அம்மிணி? நெம்ப நல்லாத்தான் பாடியிருக்கறேன்!" என்று சிரித்தார். பிறகு வெகு நேரம் பேசவில்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதிவை லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, நாத்தனார் வீட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். இனி யாரும் மேலே சினிமாப் பாட்டைப் பதிந்து அழித்துவிட முடியாது!

உங்கள் வீட்டிலும் பாடும் பெரியவர்கள் இருப்பார்கள். விலை உயர்ந்த பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு குரலுக்கு ஒரு மைக், அதற்கேற்ற சின்னப் பெட்டி போதும். அடுத்த மின்தடை என்றைக்கு என்று மட்டும் பேப்பரில் பார்த்து வையுங்கள்.