நால்வர் வந்த ஆண்டு

நால்வர் யார் என்று நம் பள்ளியில் கேட்டால், மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று பதில் சொல்லாத மாணவி இருக்க மாட்டாள். எங்கள் தெருக்கோடியிலுள்ள சிவன் கோயில் குருக்களைக் கேட்டால் அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்பார். என் தாத்தாவிடம் கேட்டாலோ வேறு நான்கு பெயர்கள் வரும். டேவ் புரூபெக், பால் டெஸ்மண்ட், யூஜின் ரைட், ஜோ மொரெல்லோ! ஒருவர் பியானோ, ஒருவர் சாக்சபோன், ஒருவர் ஆளுயரப் பாஸ் வாத்தியம், ஒருவர் டிரம்ஸ். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜாஸ் இசைக் குழுவினர் இவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவருக்கும் இவர்களுக்கும் என்ன உறவு என்று தோழியர் வியக்கலாம். நானும் பல நாள் வியந்ததுண்டு.

தாத்தா பிறந்தது பொன்னேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். வளர்ந்தது பெரம்பூரில். அவருடைய தகப்பனார் ரயில்வே தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் எஞ்சின் டிரைவர். கிராமபோன் பெட்டியும், சிற்றலை பிடிக்கும் ரேடியோவும் வைத்திருந்தார். 1955ஆம் ஆண்டு முதல் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியில் வில்லிஸ் கோனோவர் என்பவர் ஜாஸ் இசை நிகழ்ச்சியை நடத்தி வந்தார். உலகெங்கும் ஆங்கிலம் அரைகுறையாக அறிந்தவர்களும் கேட்கிறார்கள் என்பதனால் அவர் சொல் சொல்லாக, நிறுத்தி நிதானமாகப் பேசுவாராம். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத்தான் தாத்தா ஆங்கிலம் கற்றார். இன்றும் அவர் ஆங்கிலம் பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகலாம்.

1958ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் வெளியுறவுத்துறை புரூபெக் குழுவினரை நீண்டதொரு சுற்றுப்பயணத்திற்கு அனுப்பியது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ஈராக் என்று நீண்டது அப்பயணம். அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் பனிப்போர் நடந்த காலம் அல்லவா? எங்கள் நாட்டில் சுதந்திரம் தழைக்கிறது என்று உலகுக்குக் காட்ட அனுப்பப்பட்ட தூதர்கள் இவர்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களோடு நம் சென்னைக்கும் வந்தார்கள். பம்பாயில் சித்தார் மேதை அப்துல் ஹலீம் ஜாஃபர் கானுடன் புரூபெக் சேர்ந்து வாசித்தார். சென்னையில் மொரெல்லோ நம் மிருதங்கத்தோடு பழகிப் பார்த்தார். அப்போது தாத்தாவுக்கு வயது பதினாறு. எஞ்சின் டிரைவர் தம் சட்டை ஒன்றைக் கொடுத்து அணியச் சொல்லி, நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனாராம்.

அன்று என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் தாத்தா விழிப்பார். பாட்டுகளின் பெயர் ஒன்றுகூட நினைவில்லை. ஆனால் மற்றவை எல்லாம் நினைவிருக்கின்றன. மொரெல்லோ தடித்த கண்ணாடி அணிந்திருந்தார். சிறு வயது முதலே பார்வை குறைந்தவர் அவர். டெஸ்மண்ட் பியானோவின் வளைவில் ஒடிந்து விழுவார் போல் நின்று ஊதினார். தனி ஆவர்த்தனம் வந்தபோது மொரெல்லோ குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல்களாலேயே வாசித்தார். "அப்போ பக்கத்துல உக்காந்திருந்த மயிலாப்பூர் மாமா ஒருத்தர் தொடையில தாளம் போட ஆரம்பிச்சாரு பாப்பா. அவரும் நானும் ஒரே தாளம். அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு" என்று தாத்தா சொல்வார். கிராமத்தில் தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்து வளர்ந்த பையனுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு வழக்கைத் தீர்த்து வைக்க விரும்புகிறேன். இக்குழுவின் பெயரைச் சொன்னாலே எல்லோரும் 'டேக் ஃபைவ்' என்னும் இசையைத்தான் சொல்வார்கள். அதை நான் அன்றே சென்னையில் கேட்டேன் என்று சொல்பவர் எவரேனும் இருந்தால் நம்ப வேண்டாம். டெஸ்மண்ட் அதை இயற்றியதும், 'டைம் அவுட்' என்னும் இசைத்தட்டில் அது வெளிவந்ததும் 1959ஆம் ஆண்டில்தான். சொல்லப்போனால் அந்த இசைத்தட்டுக்கு வித்திட்டதே இப்பயணந்தான். இஸ்தான்புல் நகர வீதியில் சில இசைக்கலைஞர்கள் ஒன்பது எண்ணிக்கையை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று எனப் பிரித்து வாசிக்கக் கேட்டுப் புரூபெக் அதிசயித்தார். அதிலிருந்து 'புளூ ரோண்டோ' பிறந்தது. நான்கு எண்ணிக்கையிலேயே பழகிய ஜாஸ் உலகத்திற்கு அது புதுமை. நமக்கோ ஒன்பது என்றால் சங்கீர்ணம், ஐந்து என்றால் கண்டம்! நம் கண்ட சாபு 'தக தகிட' என்று போகும். 'டேக் ஃபைவ்' அதைத் திருப்பிப் போட்டு 'தகிட தக' என்று போகிறது. மொரெல்லோவின் தனி வாசிப்பின்போது புரூபெக் தம் பியானோவில் அந்த ஐந்தையே விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார், கச்சேரி மேடையில் பாடகர் தாளம் போட்டுக் காப்பதைப் போல.

அந்த ஐந்துக்குத் தாத்தா வைத்த சொற்கட்டு வேறு. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வளர்ந்தபோது தாத்தா அங்கே ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டச் சேர்ந்தார். தகட்டை வை, கையை எடு, பெடலை மிதி, பிரஸ் விழும், துண்டைத் தள்ளு. ஆக ஐந்து வேலை. ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை. முதல் இரண்டும் மாறிப்போனால் விரல் போய்விடும். அவருடன் வேலை பார்த்தவர்களில் இருவருக்கு அப்படித்தான் போயிற்று. தாத்தா மட்டும் எட்டு மணி நேரமும் மனத்திற்குள் 'டேக் ஃபைவ்' வாசித்துக்கொண்டே வேலை செய்தாராம். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. ஆயா இதை நம்புவதில்லை. எல்லாம் புனித அந்தோணியார் காத்தது என்பாள். இருவரும் சேர்ந்து காத்திருக்கலாம் என்பது என் கட்சி.

ஒரு முறை கேட்ட கச்சேரியை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் சுமப்பது தாத்தாவின் தனிப் பைத்தியமோ என்றுதான் எண்ணியிருந்தேன். படிக்கப் படிக்க, அவருக்கு உலகெங்கும் உறவினர் உண்டென்று அறிந்தேன். அதே 1958இல் போலந்து நாட்டு இளைஞர்கள் இக்குழு சென்ற ஊர்களுக்கெல்லாம் ரயிலேறிப் பின்தொடர்ந்தார்களாம். அந்நாட்டில் ஜாஸ் இசைக்குத் தடை இருந்த காலம் அப்போதுதான் கழிந்திருந்தது. போஸ்னான் நகரில் கடைசி நிகழ்ச்சி. போலந்தின் மாபெரும் இசைமேதை ஷோப்பானின் சாயலில் ஓர் இசையைப் புதிதாக இயற்றி, அதற்குப் போலந்து மொழியில் 'நன்றி' என்று பெயரிட்டு வாசித்தார் புரூபெக். வாசித்து முடித்ததும் அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. அவர்களுடைய மேதையை அவமதித்துவிட்டோமோ என்று அவர் நடுங்கிப் போனாராம். பிறகுதான் கைத்தட்டல் இடியென எழுந்தது. இசைத்தட்டில் அந்த இசை இருக்கிறது. அந்த மௌனம் எந்தத் தட்டில் இருக்கும்? அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் இருக்கும்.

யூஜின் ரைட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நால்வரில் அவர் ஒருவரே கறுப்பர். வெளிநாட்டுப் பயணத்திற்குச் சற்று முன்பு, அதே 1958 பிப்ரவரியில், வட கரோலினா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் இக்குழுவின் நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. கறுப்பர் மேடையேறக் கூடாது என்று நிர்வாகம் தடுத்தது. அவர் இல்லாமல் வாசிக்க மாட்டோம் என்றார் புரூபெக். உள்ளே மாணவர்களோ காலைத் தரையில் உதைத்து ஆர்ப்பரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேறு வழியின்றி அனுமதித்தார்கள், ஆனால் ரைட் பின்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிகழ்ச்சி நடுவே புரூபெக், உங்கள் மைக் வேலை செய்யவில்லை, முன்னால் வந்து என் மைக்கில் வாசியுங்கள் என்று ரைட்டை மேடையின் முன்பக்கத்திற்கே அழைத்துவிட்டார்! 1960இல் தென்மாநிலக் கல்லூரிகள் பல ரைட்டை மாற்றச் சொன்னபோது, பெரும் நஷ்டத்தைப் பாராமல் அச்சுற்றுப்பயணத்தையே கைவிட்டார். சுதந்திரத்தின் தூதராக உலகம் சுற்றி வந்தவருக்குச் சொந்த நாட்டில் கிடைத்த வரவேற்பு அது.

இதை நான் படித்துச் சொல்லும்வரை தாத்தாவுக்குத் தெரியாது. இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "மயிலாப்பூர் மாமா சிரிச்சப்போ அவரு மேடையில நின்னுக்கிட்டிருந்தாரா?" என்று கேட்டார். நின்றுகொண்டிருந்தார் என்றேன்.

நம் பள்ளி மலரில் எழுதுவதனால் இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலவில்லை. நால்வர் குழு 1967இன் இறுதியில் பிரிந்தது. அதன் பின் புரூபெக் வழிபாட்டு இசையும் இயற்றினார். கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்று கேட்டுக்கொண்டதற்கிணங்கத் திருப்பலிக்கு முழுமையாக இசையமைத்தார். அதில் பரலோக மந்திரத்தை மட்டும் விட்டுவிட்டார். குருவானவர் ஒருவர், எங்கே அது என்று கேட்டார். தம்மிடம் கேட்கப்படாததால் எழுதவில்லை என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தாருடன் விடுமுறைக்குப் போனார். அங்கே ஓர் இரவு கனவில் பரலோக மந்திரம் முழுவதும் இசையோடு அவருக்குக் கேட்டதாம். எழுந்து எழுதி வைத்தார். 1980இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சான் பிரான்சிஸ்கோ சென்றபோது அவருடைய வருகைக்காகவும் இசை எழுதினார். இச்செய்தியைக் கேட்டதும் தாத்தா, "நம்ம கோயில் ஆளா ஆயிட்டாரா!" என்று ஆயாவைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆயா அன்று முதல் புரூபெக்கைத் திட்டுவதில்லை.

இன்று நால்வரும் இல்லை. டெஸ்மண்ட் 1977இல் மறைந்தார். 'டேக் ஃபைவ்' வருமானத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திற்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். மொரெல்லோ 2011இலும், தொண்ணூற்றிரண்டாம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில் புரூபெக் 2012இலும், ரைட் 2020இலும் மறைந்தார்கள். அவர்களைக் கேட்ட காதுகளும் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. தாத்தாவின் காதுகளைப் பிரஸ் சத்தம் தின்றுவிட்டது. இரைச்சலில் ஆண்டுக்கணக்காக வேலை செய்பவர்களுக்கு முதலில் உயர்ந்த ஒலிகள் மறையும் என்று காது வைத்தியர் கூறினார். மொரெல்லோவின் வெண்கலத் தட்டுகள் முதலில் போயின. பிறகு டெஸ்மண்டின் குழைவு மங்கியது. காதுக்கருவியை வைத்தால் எல்லாம் தகர டப்பாவில் கொட்டுவது போல் இருக்கிறதென்று இசை கேட்கும்போது கழற்றி வைத்துவிடுவார்.

ஆனால் ரைட்டின் பாஸ் மட்டும் இன்னும் எட்டுகிறது. ஒலிபெருக்கியின் மரப்பெட்டி மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வார். "இத்தனை வருசம் இவரை நான் சரியாவே கவனிக்கல பாப்பா. மத்த மூணு பேரையும் இவருதான் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு" என்று ஒருநாள் சொன்னார்.

போன மாதம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வழக்கமாக அவருக்கு நான் போடுவது 1959இன் 'டேக் ஃபைவ்'. அன்று ஒன்றும் சொல்லாமல் வேறொன்றைப் போட்டேன். 1963 பிப்ரவரியில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நேரடியாகப் பதிவான கச்சேரி அது. வேலைநிறுத்தத்தால் அந்நகரில் நாளிதழ்களே வெளிவராத நாட்கள். ஆனாலும் ரசிகர்கள் திரண்டு வந்திருந்தார்கள் என்பதைக் கைத்தட்டலைக் கேட்டே அறியலாம். அதே நால்வர், அதே இசை.

தாத்தா கையைப் பெட்டி மேல் வைத்தார். கண்ணை மூடினார். சுண்டுவிரல் எண்ணத் தொடங்கியது. நான்கைந்து சுற்று போயிருக்கும். புருவம் சுருங்கிற்று.

"இது அது இல்லையே. ஓட்டமா ஓடுது" என்றார்.

"வேற ரெக்கார்டு தாத்தா" என்று அவர் காதருகே கத்தினேன்.

"ஜனங்க உக்காந்திருக்காங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அதான்" என்று சொல்லி, இன்னொரு கையையும் எடுத்துப் பெட்டி மேல் வைத்துக்கொண்டார்.