எல்லாருக்கும் உட்கார இடம்

நாகர்கோவில்

அன்பு மக்களே,

போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்று எழுதியே அனுப்புகிறேன். உங்கள் குடியிருப்பில் ஓணத்துக்கு அத்தப்பூக்கோலம் போடும் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்களாமே! நாகர்கோவில்காரிக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நியாயம்தான். 1956 நவம்பரில் நம் ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்த பிறகும், இங்கே பல வீட்டு முற்றங்களில் அத்தப்பூ போடுவது நிற்கவில்லை.

நீ அனுப்பின மயில் டிசைன் அழகுதான். ஆனால் மயிலின் கழுத்தை இரண்டு பேர்தான் போட முடியும். மற்றவர்கள் சுற்றி நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். படத்தை யோசிக்கும் முன் ஆட்களை யோசி. பத்தடி அகல வட்டம் என்றால் சுற்றளவு முப்பத்தோரு அடி வரும். சம்மணம் போட்டு உட்கார ஒருவருக்கு இரண்டடி வேண்டும். பதினைந்து பேர் தாராளமாக உட்காரலாம். இருபது பேர் வருவதாக இருந்தால் வட்டத்தைப் பெரிதாக்கு.

நடுவில் ஒரு ஆள் சாக்பீஸ் கட்டிய கயிற்றின் மறுமுனையை அழுத்திப் பிடிக்கட்டும். நீ கயிற்றைத் தொய்யாமல் இழுத்துச் சுற்றி வா. ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தாறு வட்டம் போதும். பூவை நடுவிலிருந்து வெளியே போட்டுக்கொண்டு வர வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவுக்குக் கை எட்டாது. நடுவட்டத்துக்கு நாலு பேர் போதும். ஒவ்வொரு வட்டம் முடியும்போதும் அவர்கள் பின்னால் நகர நகர, இன்னும் சில ஆட்களுக்கு இடம் கிடைக்கும். தூங்கி எழுந்து தாமதமாக வருகிறவர்களுக்கும் ஓரத்தில் வேலை காத்திருக்கும். அந்தக் காலத்தில் அத்தம் அன்று சின்னதாகத் தொடங்கி, நாளுக்கு நாள் வளர்த்து, திருவோணத்தன்று பெரிதாக முடிப்பார்கள். நீங்கள் அதையே ஒரு காலைப் பொழுதில் செய்கிறீர்கள்.

இனி பூ விஷயம். எல்லாவற்றையும் கிலோ கணக்கில் வாங்காதே. அன்றைக்கெல்லாம் தும்பையும் செம்பருத்தியும் பிள்ளைகள் வேலியோரம் பறித்து வந்தவைதான். முந்தின நாள் சாயங்காலம் உங்கள் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கூடை கொடுத்துவிடு. கொட்டிக்கிடக்கும் பூ, பழுத்த வாதாம் இலை, பூவரசு இலை எது கிடைத்தாலும் வரட்டும். அரளி மட்டும் வேண்டாம்; விஷம், குழந்தைகள் கையோடு வாய்க்குப் போகும். கிடைத்த நிறங்களைப் பார்த்து அன்று ராத்திரி டிசைனை முடிவு பண்ணு. குறைகிற நிறத்துக்கு மட்டும் கேந்திப்பூ வாங்கினால் போதும்.

கேந்தியின் அடிக்காம்பை ஒரு கையில் பிடித்து, இதழ்களை மொத்தமாக முறுக்கி இழுத்தால் கொத்தாக வந்துவிடும். வயசானவர்களுக்குக் கீழே உட்கார முடியாது. அவர்களை நாற்காலியில் உட்கார வைத்து முறத்தை மடியில் கொடுத்துவிடு. அவர்கள் ஆய்ந்து கொடுக்கிற வேகத்துக்குத்தான் மற்றவர்கள் போட முடியும். பச்சைக்கு இலையைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து வை. ஈர இலை கனமாக இருப்பதால் சீக்கிரம் பறக்காது. வெளி வட்டத்தை அதில் தடிப்பாகப் போட்டால் உள்ளே இருக்கிற இதழையும் கொஞ்சம் அணைத்துப் பிடிக்கும். என்ன செய்தாலும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

சாயம் போட்ட கல் உப்பு மலிவு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. மறுநாள் கூட்டி அள்ளி எங்கே கொட்டுவாய்? செடிக்குப் போட்டால் மண் கெட்டுவிடும். பூவும் இலையுமாக இருந்தால் அப்படியே உரக்குழியில் தள்ளிவிடலாம். ஆனால் அள்ளுகிற வேலையைத் துப்புரவுப் பெண்மணியின் தலையில் போட்டுவிடாதீர்கள். போட்டவர்களே அள்ள வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு.

பிளாக்குக்கு பிளாக் போட்டி, பரிசு என்று பேச்சு வந்தால் தட்டிக் கழித்துவிடு. பரிசு என்று வந்துவிட்டால் கோணலாகப் போடுகிற பிள்ளையை யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள்.

வாடாமல்லி அங்கே கிடைக்காவிட்டால் சொல். தோவாளைச் சந்தையில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடச் சித்தப்பாவிடம் சொல்கிறேன். அது சீக்கிரம் நிறம் மங்காது. இரண்டு நாள் முன்னால் வந்தாலும் கவலையில்லை. எத்தனை கிலோ என்று மட்டும் முன்கூட்டியே எழுது. ஓண நேரத்தில் சந்தையில் விலை ஏறிவிடும்.

அன்புடன்,
சித்தி